முந்தி வந்த வெளிச்சம்

தருவைக்கரையில் வெளிச்சம் முந்திக்கொண்டு வரத் தொடங்கியது, ஸ்டூடியோக்காரி ஜெனோவா உப்பளத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் இரண்டு கால்களையும் தொலைத்த அன்றைக்குத்தான். தொலைந்தது படத்தில்தான், பெண் என்னவோ கொலுசுக் காலோடு பாத்திக்குப் பாத்தி தாண்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகப்போவது படமல்லவா, அதில் முழங்காலுக்குக் கீழே கரி பூசியதுபோல் ஒரு பட்டை குறுக்கே கிடந்தால் யார் ஒப்புவார்கள்?

உச்சி வெயில், கீழே உப்பு, மேலே வானம், எல்லாமே கண்ணைக் குத்தும் வெள்ளை. வானத்தை நீலமாக நிறுத்த வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தை நாலாயிரத்துக்கு ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் வேறொரு வம்பு வரும். காமிராவுக்குள் இரண்டு திரை உண்டு. ஒன்று திறந்துகொண்டு ஓடும், இன்னொன்று மூடிக்கொண்டு அதன் முதுகிலேயே ஓடும். வேகம் கூடக் கூட இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு கீற்று இடைவெளிதான். இமை மூடுவதற்குள் பிறந்து செத்துவிடுகிற ஃபிளாஷ் வெளிச்சம் அந்தக் கீற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும், மற்ற இடமெல்லாம் இருட்டு. அதற்கு மருந்து, திரை ஓட ஆரம்பிக்கும் முன்னாலேயே ஃபிளாஷை ஒரு மயிரிழை முந்தி எரிய வைப்பது. காமிராவின் தலையில் உட்கார்ந்துகொண்டு கம்பியே இல்லாமல் தூரத்து ஃபிளாஷுக்குச் சைகை காட்டும் ட்ரிக்கர் பெட்டியில் அதற்கென்று ஒரு சின்னத் திருகு இருந்தது. ஜெனோவா அதை ஒரு மயிரிழை திருப்பினாள், பெண்ணுக்குக் கெண்டைக்கால் வந்தது. இன்னொரு மயிரிழை, கணுக்கால் வந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது ஜெனோவாவின் காதில் ஒருநாளும் ஏறாத பழமொழி. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டாள்.

ஃபிளாஷ் எரிந்தது. "எடுத்தாச்சா மைனி?" என்றாள் பெண். "நான் இன்னும் அமுக்கவே இல்லையேட்டி" என்று சொல்லிக்கொண்டே ஜெனோவா அமுக்கினாள். இந்தத் தடவை ஃபிளாஷ் அசையவேயில்லை. ஆனால் படத்தில் பெண்ணும் அவள் கால்களும் கொலுசின் ஒவ்வொரு முத்தும் பளிச்சென்று வெளிச்சத்தில் நின்றன.

அவள் திருகைப் பின்னால் திருப்பிப் பார்த்தாள், முன்னால் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் முந்தித்தான் போனது. ஒரு மூச்சு முந்தியது, ஒரு மணி முந்தியது, ஒரு நாள் முந்தியது. பிறகு ஒரு புதன்கிழமை, கோயிலை ஒட்டி யாருமில்லாத பங்கு மண்டபத்தில், கூட்டிக்கொண்டிருந்த பொம்பளையின் தலைக்கு மேல் ஒரு வெளிச்சம் வெடித்து, மேடைச் சுவரில் மாலை போட்ட இரண்டு நிழல்கள் விழுந்து, ஒரு கடுங்காப்பி குடித்து முடிக்கும் நேரம் அப்படியே நின்று, பின்பு கரைந்தன. சரியாகப் பதினோராம் நாள் அதே மேடையில் ஒரு கல்யாணம் நடந்தது, ஜெனோவா படம் எடுத்தாள், ஃபிளாஷ் எரியவில்லை, படம் வெளிச்சமாக வந்தது. அதற்கப்புறம் எல்லா வெளிச்சமும் பதினோரு நாள் முந்தியே வந்தது, அவளும் திருகைத் தொடாமல் விட்டாள்.

ஊர் முதல் வாரம் வாயைப் பிளந்தது, இரண்டாம் வாரம் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தது. பஸ் நிறுத்தத்தில் ஒருவன்மேல் வெளிச்சம் விழுந்தால் அவன் பதறுவதில்லை, காலண்டரில் பதினோராம் நாளைக் கோடு போட்டு வைத்துவிட்டு, அன்றைக்கு முகச்சவரம் செய்து சலவைச் சட்டையோடு அதே இடத்தில் வந்து நிற்பான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது, ஜெனோவாவுக்கும் தெரியாது, ஆனாலும் வெளிச்சம் வந்துவிட்டதே என்று அவள் போய் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். பங்குச்சாமியார் பூசையில், இது கடவுள் காட்டிய புதுமையும் இல்லை பேய் வேலையும் இல்லை, இதற்கு முன்னால் யாரும் முழந்தாளிட வேண்டாம், வெளிச்சம் விழும்போது வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிடுவது மட்டும் நல்லது என்று சொன்னார். மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒருநாள் ஏலக்காரன் சவரியானும் பதினாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவன் தம்பியும் தோளில் கைபோட்டு நிற்கிற நிழல் விழுந்தது. "செத்தாலும் அந்தப் பக்கம் போக மாட்டேன்" என்று சபதம் செய்த சவரியான், பதினோராம் நாள் தம்பி அங்கே வந்து தொலைந்திருக்கிறானா என்று வேவு பார்க்கப் போனான். அண்ணன் வந்திருக்கிறானா என்று பார்க்கத் தம்பியும் வந்திருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு வெளிச்சம் பொய் சொல்லாது என்பது ஊரில் சட்டமாகிவிட்டது.

ஊருக்கு அது பழகிவிட்டது, ஜெனோவாவுக்குத்தான் பழகவில்லை. ஒரு படத்துக்கு எப்போது வெளிச்சம் போடுவது என்று முடிவு செய்கிறவள் அவள். இப்போது வெளிச்சம் முடிவு செய்தது, அவள் போய் ஆஜர் கொடுத்தாள். நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழத் தோன்றியது. புருஷன் கஸ்பார் வேறு தங்குகடலுக்குப் போயிருந்தான். போனால் பதினைந்து நாள் விசைப்படகிலேயே கிடந்து மீன் பிடித்துவிட்டு வருவான். கரை மறைந்ததும் போனும் செத்துவிடும். அவன் போன ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், இந்தப் பதினோரு நாளை ஒரு நாளாகவாவது குறைத்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் அவள் திருகைப் பிடித்து நன்றாக ஒரு சுற்றுச் சுற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை நாலு மணிக்குக் கோயில் முகப்பில் வெளிச்சம் விழுந்தது.

தருவைக்கரையில் யார் இறந்தாலும் பூசை முடிந்தபின் சவப்பெட்டியை முகப்பின் வலது சுவரை ஒட்டி ஒரு பெஞ்சின்மேல் வைப்பார்கள். மூடி போடும் முன் குடும்பத்தார் சுற்றி நிற்க ஒரு படம் எடுக்க வேண்டும், அது இல்லாமல் பெட்டி கல்லறைக்குக் கிளம்பாது. எடுப்பவள் ஜெனோவா. தரையில் உடைந்த ஓடு ஒன்று இருக்கும், அதன்மேல் ஃபிளாஷ் ஸ்டாண்டை வைப்பாள், எந்தப் பெட்டிக்கும் அதே இடம்தான். மற்ற நாளில் அந்தச் சுவரோரம் ஒருவரும் நிற்க மாட்டார்கள். பிள்ளைகளின் பந்து உருண்டு போனால்கூடக் குச்சியால்தான் இழுத்துக்கொள்வார்கள். கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் நாலு மணிக்கு அந்த இடம் மங்கிக் கிடக்கும், அதனால் வெளிச்சம் வெடித்தபோது ஏலக்கூடம் வரைக்கும் தெரிந்தது.

ஓடிவந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கீழே நீளமாக ஒரு பெட்டியின் நிழல். அதன் இடது பக்கம் முதுகு கூனிய ஒரு பொம்பளை. தலைமாட்டில் ஒரு பையன், இரண்டு காதும் விடைத்து நிற்க. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்திக்கொண்டிருந்த உபதேசியார் வியாகுலம் கையில் சாக்குக்கட்டியோடு வந்திருந்தார். நிழல் கரைவதற்குள் சுற்றிலும் கோடு இழுத்துவிட்டார். இழுத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஊரில் அப்படிக் கூன் விழுந்து நிற்பவள் ஜெனோவாவின் மாமியார் இஞ்ஞாசி ஒருத்திதான். அப்படிக் காது விடைத்தவன் ஜெனோவாவின் மகன் பெனோ ஒருவன்தான். அப்படி அண்ணனின் முழங்கையை விடாமல் திரிகிறவள் தங்கச்சி ஷைனி ஒருத்திதான். ஜெனோவாவின் நிழல் இல்லாதது நியாயம், அவள் காமிராவுக்குப் பின்னால் நிற்பாள். அந்த வீட்டில் பாக்கி இருப்பது கஸ்பார்.

எல்லோரும் திரும்பி ஜெனோவாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் முதலில் வந்தது இரக்கம் இல்லை, அப்பாடா என்ற மூச்சு. நம் வீடு இல்லை. இரக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வந்தபின் நிறையவே வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் நாலு வீட்டிலிருந்து குழம்பு வந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெர்பெத்து தையல்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "கோவிச்சுக்காத ஜெனோவா, கறுப்பு ஜாக்கெட்டுக்கு அளவு மட்டும் எடுத்துக்கிடட்டும். அந்நேரம் அவசரத்துல தச்சா கை பிடிக்கும்" என்றாள். ஜெனோவா வெறி பிடித்தவள்போல் கத்த நினைத்தாள், ஆனால் கை தன்பாட்டுக்குத் தூக்கிக்கொண்டது, தையல்காரி அளவு எடுத்துக்கொண்டு போனாள். படகு முதலாளியான சம்மாட்டி வந்து, அடுத்த தங்கலுக்குக் கஸ்பார் இடத்தில் வேறொருவனைச் சொல்லி வைத்திருப்பதாகவும், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பெனோவை யாரும் அடிக்கவில்லை, வீட்டுப்பாடம் எழுதாததற்குக்கூட. அவன் வீட்டுக்கு வந்து, "ம்மா, டீச்சர் எனக்கு மட்டும் ஏன் மிட்டாய் தாராவ?" என்று கேட்டான். அவள் அவன் காதைத் திருகிவிட்டு, அப்புறம் அந்தக் காதையே தடவிக் கொடுத்தாள்.

மாமியார் இஞ்ஞாசி மட்டும் அசையவில்லை. "எம் மவனுக்கு ஒண்ணுன்னா மொதல்ல எனக்குல்லா நெஞ்சு சொல்லணும். அது ஒண்ணும் சொல்லல. நீ சோத்த வடி" என்றாள். ஆனால் அவளும் கோயிலுக்குப் போகும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் நடந்தாள்.

ஊர் பதினோரு நாள் என்று விரல் மடக்கியது. ஜெனோவாவுக்கு அந்த நிம்மதிகூட இல்லை. திருகைத் திருப்பியது அவளுக்குத்தானே தெரியும்? அது குறைந்திருந்தால் பத்து நாளாக இருக்கலாம், மூன்று நாளாக இருக்கலாம், இதோ இந்த வாசலில் இப்போது யாராவது மூச்சிரைக்க வந்து நிற்கலாம். குறைப்பதற்காகத் திருப்பியவளும் நான்தானே என்று நினைத்து ட்ரிக்கர் பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள், எடுத்தாள், மறுபடி புதைத்தாள். படம் எடுக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். படம் எடுக்காவிட்டால் சாவு நின்றுவிடுமா என்று அவளே கேட்டுக்கொண்டாள். கடற்கரைக்குப் போவாள், படகு தெரியாது, வருவாள், அடுப்பில் எதையோ வைப்பாள், அது தீய்வதற்குள் மறுபடி கடற்கரையில் நிற்பாள். இந்த ஓட்டத்தின் நடுவில், பாத்திரம் தேய்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும், அவள் கஸ்பாருக்காக அழுது முடித்தாள். அவன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது முதல், படகேறும் அன்று சண்டை போட்டுக்கொண்டு போனது வரை ஒன்று பாக்கி விடாமல் அழுதாள்.

வெளிச்சம் விழுந்த ஒன்பதாம் நாள், ஞாயிறு காலைப் பூசை முடிந்த நேரம், கஸ்பார் தோளில் பையும் கையில் நாலு ஊளி மீனும் கடலில் எரிக்கிற பெரிய டார்ச் லைட்டுமாக வாசலில் வந்து நின்றான். "சோறு இருக்கா ஏட்டி?" என்றான்.

ஜெனோவா ஓடிப்போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மீன் கீழே விழுந்தது. பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அழலாம் என்று பார்த்தாள், வரவில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே அழுதிருந்தாள்.

"நான் என்ன செஞ்சேன்?" என்றான் கஸ்பார்.

"வந்திட்டியளே!" என்றாள் அவள்.

அவன் வந்தது ஊருக்குச் சந்தோஷம்தான், கூடவே ஒரு சங்கடமும். சாவு வீட்டு முகத்தைத் தயாராக வைத்திருந்தவர்களுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெர்பெத்து வந்து, அவனைக் கண்ணால் அளந்து, "இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா" என்று ரொம்பப் பாசமாகச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் கஸ்பாரை யாரும் கிணற்றடிக்கு விடவில்லை, முள்ளுள்ள மீன் தின்ன விடவில்லை, ஏணியில் ஏற விடவில்லை. தெருவில் அவன் நடந்தால் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். உயிரோடிருப்பவனை எல்லோரும் செத்தவனைப் பார்க்கிற மாதிரி அன்பாகப் பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லை. "ஒருத்தராவது என்னைய வையுங்களேன்" என்றான்.

பதினோராம் நாள் மத்தியானத்திலிருந்து ஊரே அவன் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தது. பங்குச்சாமியார் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சும்மா வந்தவர்போலப் பேசிக்கொண்டிருந்தார். கஸ்பாரை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நாலு மணிக்குப் பூசை முடிந்து பெட்டிக்குள் கிடக்க வேண்டியவன் இன்னும் சாகவே இல்லையே என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கோயில் மணி நாலு அடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கஸ்பார் கொட்டாவி விட்டான். நாலேகால் ஆயிற்று, நாலரை ஆயிற்று, ஒரு கோழி முற்றத்தின் குறுக்கே போயிற்று. வெளிச்சம் முதல் தடவையாகப் பொய் சொல்லிவிட்டது என்று சவரியான் எழுந்தான்; அவன் குரலில் நிம்மதி இருந்தது, ஒரு சிட்டிகை ஏமாற்றமும் இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

ஜெனோவா மட்டும் எழவில்லை. "எங்கிட்ட ஒரு தப்பு இருக்கு" என்று ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை காலை திருகைத் திருப்பியதைப் புருஷனிடம் சொன்னாள். "அது பதினோரு நாள் கணக்கு இல்ல. எந்த நாளுன்னே தெரியாது. நாளைக்கா இருக்கலாம். நான் எப்படி இருப்பேன்? நீங்க கக்கூசுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும்கூட என்னால இருக்க முடியாது" என்றாள்.

கஸ்பார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். கரையில் இருக்கும் நாட்களில் அவளுக்கு லைட் ஸ்டாண்ட் தூக்குகிறவன் அவன்தான், அவள் வேலை செய்கிற முறை அவனுக்குத் தெரியும். "கல்யாணத்துல நாலு தடவ டெஸ்ட் போட்டுப் பாக்காம நீ ஒரு படம் எடுக்க மாட்டியே. அந்தச் செவத்துல டெஸ்ட் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டான்.

அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அந்த இடத்தில் உயிரோடிருக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோய் யார் நிறுத்துவார்கள்?

"எந்திரி" என்றான்.

பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. இஞ்ஞாசியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஃபிளாஷை நம்ப முடியாது, அது எந்த நாளில் போய் எரிந்திருக்குமோ. அதனால் கஸ்பார் கடல் டார்ச்சை எடுத்துக்கொண்டான். ஜெனோவா அவனை உடைந்த ஓட்டின்மேல் நிற்கவைத்து, ஃபிளாஷ் இருக்கும் உயரத்துக்குக் கையைத் தூக்கச் சொன்னாள். பெனோவைத் தலைமாட்டில் நிறுத்தினாள். பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள், பிறகுதான் எடுத்தாள்.

டார்ச் எரிந்தது. சாக்குக்கட்டிக் கோட்டுக்குள் பெனோவின் நிழல் விழுந்தது. விடைத்த காது இரண்டும் சரிதான், ஆனால் அவை கோட்டில் வரைந்திருந்த ஆளின் நெஞ்சுக்குத்தான் வந்தன. காலை முன்னே வைத்துப் பார்த்தான், பின்னே வைத்துப் பார்த்தான், குதிகாலை உயர்த்தியும் பார்த்தான், எட்டவில்லை. ஷைனியை நிறுத்தினால் அவள் கோட்டுப் பெண்ணின் இடுப்பளவு இருந்தாள். விளக்குக்குப் பக்கத்தில் நின்றால் நிழல் பெரிதாகத்தான் விழும் என்று ஊரே நினைத்திருந்தது. அந்த ஆள் உண்மையிலேயே பெரியவனாக இருப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த உயரத்துக்கு வளர்ந்து, தோள் அவ்வளவு அகலமாவதற்கு இந்தப் பயலுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் வேண்டும்.

இஞ்ஞாசி கூனிய பொம்பளையின் கோட்டில் போய் நின்று, தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். "இது நான் இல்லட்டி. கூன் என் கூன் மாதிரிதான் இருக்கு. ஆனா நான் இவ்வளவு ஒசரம் என்னைக்கு இருந்தேன்?" என்றாள்.

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தாள். பிறகு விலகி நின்றாள்.

ஜெனோவா அந்த இடத்துக்குப் போனாள். நேராக நின்றபோது அவள் நிழல் கோட்டுக்கு மேலே போயிற்று. மெல்ல முதுகை வளைத்தாள், இன்னும் கொஞ்சம் வளைத்தாள், கழுத்தை முன்னால் நீட்டினாள். நிழல் கோட்டுக்குள் இறங்கி அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. அவளுக்குக் காலடியில் பெட்டி இருக்கப்போகிற இடம் வெறுமையாகக் கிடந்தது. எதிரே கஸ்பார் கையைத் தூக்கி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பொருந்துதா?" என்று கேட்டான்.

"பொருந்துது."

அவன் அவள் காலடியில் கிடந்த வெறும் இடத்தைப் பார்த்தான். "அப்போ நான்தான் மொதல்ல போறேன்" என்று சிரித்தான். "நல்லதாப் போச்சு. நீ செத்து நான் தனியா சோறு பொங்கித் திங்கதுக்கு இது எவ்வளவோ மேல்."

ஒன்பது நாளில் தீர்ந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்த அழுகை அப்போது வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அழுதாள். சாவுக்காக அழுத அழுகை இல்லை அது. இத்தனை வருஷம் இருக்கிறதே என்றும் அழுதாள், இத்தனை வருஷம்தானா என்றும் அழுதாள்.

"ஏட்டி, போதும்" என்றான் கஸ்பார், கை வலித்தும் விளக்கைத் தாழ்த்தாமல். "எல்லாத்தையும் இப்பவே அழுது தீத்துராத. அன்னைக்கும் கொஞ்சம் வேணும்லா?"

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சுவரில் இருந்த கிழவி நிமிரவில்லை.